ஆங்கிலத்தில் ‘யார் தவறு’ என்று பிழையில்லாமல் எழுதுவது எப்படி: பிளேம், ஃபால்ட், அட் ஃபால்ட்

‘டோன்ட் பிளேம் ஆன் மீ.’ மற்றவர்களின் ஆங்கில மின்னஞ்சல்களையும் அறிக்கைகளையும் படித்துத் திருத்திக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. அதில் நான் அதிகமாக அடித்துத் திருத்திய வாக்கியம் இதுதான். எழுதியவர் சொல்ல வந்தது ‘என் மேல் பழி போடாதீர்கள்’. தமிழில் அது குறையே இல்லாத வாக்கியம். ஆங்கிலத்தில் நடுவில் ஒரு சொல் காணாமல் போயிருக்கிறது.

பழி சொல்லும் வாக்கியத்தில் சின்னப் பிழைகூடப் பெரிதாகத் தெரியும். புகார்க் கடிதம், விளக்கக் கடிதம், விபத்து அறிக்கை என்று இந்தச் சொற்கள் வரும் இடங்கள் எல்லாமே யாரோ ஒருவரின் பெயர் கெடக்கூடிய இடங்கள். ஒரு சொல் மாறினால் தவறு செய்யாதவர் மேல் தவறு விழுந்துவிடும். அதனால்தான் இதற்கென்று தனியாக ஒரு வரிசை வைத்திருக்கிறேன். கீழே வரும் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாய்விட்டு வாசித்தால் காது சீக்கிரம் பழகிவிடும்.

1. எழுதும் முன் தமிழில் மூன்று கேள்விகள்

ஒரு தாளை எடுத்து மூன்றுக்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன நடந்தது? அதற்கு யார், அல்லது எது காரணம்? அது உங்களுக்கு உறுதியாகத் தெரியுமா, இல்லை வேறு யாரோ சொல்வதா?

இதை ஏன் தமிழில் செய்யச் சொல்கிறேன் என்றால், நம் மொழியில் இவற்றில் ஒன்றைச் சொல்லாமல் விட்டாலும் வாக்கியம் நிற்கும். ‘என்னைக் குறை சொல்கிறார்கள்.’ எதற்காக என்று கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கில அலுவலகக் கடிதத்தில் அந்த ‘எதற்காக’ பெரும்பாலும் எழுத்திலேயே இருக்க வேண்டும். அது எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிளேமோடு வரும் சொல் ஃபாரா, ஆனா என்று முடிவாகிறது.

மூன்றாவது கேள்வியைத்தான் புதியவர்கள் தாண்டிப் போகிறார்கள். கோபத்தில் எழுதும்போது சந்தேகமும் உறுதியும் ஒரே மாதிரி தெரியும். தாளில் ‘உறுதியில்லை’ என்று எழுதிவிட்டால், பிறகு சொல் தேர்வு தானாகவே மாறும்.

2. எந்தச் சொல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஃபார், ஆன், ஆஃப் போன்ற இடைச்சொல்லைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சொல்லும் தனக்கென்று ஓர் இடைச்சொல்லை வைத்திருக்கிறது. சொல்லை மாற்றினால் அதுவும் மாறும். வரிசை தலைகீழானால் ‘அக்யூஸ்டு ஹிம் ஃபார்’ போன்ற கலவைகள் பிறக்கின்றன.

அக்யூஸ் என்றால் குற்றம் சாட்டுவது. ஒருவர் தவறான செயலைச் செய்தார் என்று சொல்கிறீர்கள். அது நிரூபணமாகி இருக்க வேண்டியதில்லை. அதோடு வருவது ஆஃப்: ‘தே அக்யூஸ்டு ஹிம் ஆஃப் லையிங்’, அவர் பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டினார்கள்.

பிளேம் வேறு. ஏதோ கெட்டது நடந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. அதற்கு யார் பொறுப்பு என்று சுட்டுகிறீர்கள். விபத்து, தாமதம், நஷ்டம் போன்றவற்றுக்கு இதுதான் சொல். மழையையோ மென்பொருளையோகூட பிளேம் செய்யலாம். அக்யூஸ் பொதுவாக மனிதர்களுக்கும் அமைப்புகளுக்கும்தான்.

ரெஸ்பான்சிபிள் ஃபார் கொஞ்சம் மென்மையான சொல். ஆனால் அதற்கு இரண்டு முகம். ‘ஷி இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி சர்வர்’ என்றால் கணினி சர்வரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ‘ஷி இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி கிராஷ்’ என்றால் அது நின்றுபோனதற்கு அவர்தான் காரணம். பின்னால் வரும் பெயர்ச்சொல் நல்லதா கெட்டதா என்று தெளிவாக இல்லாவிட்டால் இந்தச் சொல்லைத் தவிருங்கள். ‘ரெஸ்பான்சிபிள் ஃபார் தி ரிசல்ட்’ என்று எழுதினால் பாராட்டா, பழியா என்று படிப்பவருக்குத் தெரியாது.

யாரையும் சுட்ட வேண்டாம், காரணம் மட்டும் போதும் என்றால் காஸ்டு பை எழுதுங்கள். ‘தி டிலே வாஸ் காஸ்டு பை எ பவர் கட்.’ பல கடிதங்களுக்கு இதுவே போதுமானது. இதை எழுதிவிட்டுப் பழியை விட்டுவிடலாம்.

தேங்க்ஸ் டு என்ற தொடரைக் கெட்ட செய்திக்கு எழுதாதீர்கள். ‘தேங்க்ஸ் டு யுவர் டீம், வி ஆர் லேட்’ என்றால் குத்திக்காட்டுவதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

3. பிளேமுக்கு அடுத்து நிற்பது ஆளா, சம்பவமா என்று பாருங்கள்

இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது.

பிளேம் என்ற வினைக்கு அடுத்து ஆள் வந்தால் ஃபார். ‘தே பிளேம்டு தி டிரைவர் ஃபார் தி ஆக்சிடென்ட்.’ விபத்துக்காக டிரைவரைக் குறை சொன்னார்கள்.

அடுத்து சம்பவம் வந்தால் ஆன். ‘தே பிளேம்டு தி ஆக்சிடென்ட் ஆன் தி டிரைவர்.’ விபத்துக்கான பழியை டிரைவர் மேல் போட்டார்கள்.

இரண்டும் சரி. இரண்டையும் கலப்பதுதான் தவறு. ‘பிளேம்டு தி டிரைவர் ஆன் தி ஆக்சிடென்ட்’ என்றால் டிரைவர் என்கிற கெடுதலுக்கு விபத்து காரணம் என்பது போல ஆகிவிடுகிறது.

இப்போது முதல் வாக்கியத்துக்கு வருவோம். ‘என் மேல் பழி போடாதீர்கள்’ என்பதில் போடும் பொருளும் இருக்கிறது, போடும் இடமும் இருக்கிறது. பொருள் பழி, இடம் நான். ஆங்கிலத்தில் பழி என்ற பொருள் பிளேம் என்ற வினைக்குள்ளேயே அடங்கிப் போகிறது. நாமோ ‘மேல்’ என்பதை மட்டும் ஆன் ஆக்கி வெளியே வைக்கிறோம். அப்போது வினைக்கும் ஆனுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகிறது. எதற்கான பழி என்று சொல்லும் சம்பவம் அங்கே வர வேண்டும். ‘டோன்ட் பிளேம் இட் ஆன் மீ’ என்று ஓர் இட் சேர்த்தால் வாக்கியம் நிமிர்ந்துவிடும். அல்லது ஆனையே எடுத்துவிட்டு ‘டோன்ட் பிளேம் மீ’ என்று எழுதுங்கள். ‘பிளேம் டு மீ’, ‘பிளேம் அட் மீ’ இரண்டுமே கிடையாது.

இதைப் பிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. பிளேம் என்ற வினையில் விரலை வையுங்கள். அதற்கு அடுத்த சொல்லே ஆன் ஆக இருந்தால் ஏதோ விட்டுப் போயிருக்கிறது. செயப்பாட்டு வினை மட்டும் விதிவிலக்கு: ‘தி டிலே வாஸ் பிளேம்டு ஆன் தி ரெயின்.’ இங்கே சம்பவம் முன்னால் போய் எழுவாயாகிவிட்டது, அதனால் அந்த இடம் காலியாக இருப்பது சரிதான். ஆள் எழுவாயானால் ஃபார்: ‘ஹி வாஸ் பிளேம்டு ஃபார் தி டிலே.’

ஃபாருக்குப் பின்னால் பெயர்ச்சொல் வரலாம், இல்லாவிட்டால் ‘இங்’ சேர்ந்த வினை வரலாம். ‘ஷி பிளேம்டு மீ ஃபார் லூசிங் தி ஃபைல்.’ ஃபைலைத் தொலைத்தது நான். அந்த ‘இங்’ வினையைச் செய்தவர் எப்போதும் பிளேமுக்கு அடுத்து நிற்பவர்தான். வேறு ஒருவர் தொலைத்ததற்காக என்னைக் குறை சொன்னார்கள் என்றால் இந்த அமைப்பு உதவாது. வாக்கியத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

‘ஷி பிளேம்டு மீ தட் ஐ லாஸ்ட் தி ஃபைல்’ என்று எழுதாதீர்கள். நம் ‘என்று’ பழக்கம் இந்த தட்டைக் கொண்டுவருகிறது. ‘நான் தொலைத்துவிட்டேன் என்று குறை சொன்னார்’ என்பது நமக்கு இயல்பு. பிளேம் தட்டை ஏற்காது.

ஹிஸ், ஹெர் வரும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. ‘தி மேனேஜர் பிளேம்டு தி கிளார்க் ஃபார் ஹிஸ் மிஸ்டேக்.’ யாருடைய தவறு? தமிழில் ‘தன் தவறுக்காக’ என்றால் மேனேஜரின் தவறு, ‘அவருடைய தவறுக்காக’ என்றால் பெரும்பாலும் கிளார்க்கின் தவறு என்று பிரித்துவிடலாம். ஆங்கிலத்தின் ஹிஸ் இரண்டுக்கும் பொது. விசாரணை அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்து, கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த கிளார்க் தன் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டியதாயிற்று. மேனேஜரின் தவறு என்றால் ‘பிளேம்டு ஹிஸ் ஓன் மிஸ்டேக் ஆன் தி கிளார்க்’ என்று எழுதுங்கள். கிளார்க்கின் தவறு என்றால் என்ன தவறு என்பதையே சொல்லிவிடுங்கள்: ‘பிளேம்டு தி கிளார்க் ஃபார் தி ராங் என்ட்ரி.’

ஃபாரும் ஆனும் இரண்டுமே இலக்கணப்படி சரி என்றால் எதை எடுப்பது? என் பழக்கம் இது. சாதாரணமாகப் பொறுப்பைச் சுட்டும்போது ஃபார். ஒருவர் பழியை இன்னொருவர் மேல் தள்ளிவிடுகிறார் என்ற சாயல் வேண்டும்போது, அல்லது மழை, மின்வெட்டு போல உயிரில்லாத காரணத்தைச் சொல்லும்போது ஆன். இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நடுநிலையான அறிக்கையில் ஃபார் உறுத்தாமல் போகும்.

4. இஸ் டு பிளேம்: நடுவில் பி வேண்டாம்

‘அவர்தான் காரணம்’ என்று தீர்ப்பாகச் சொல்ல ‘ஹி இஸ் டு பிளேம்’. இதைப் பார்த்ததும் பலருக்குக் கை அரிக்கும். பழி சொல்லப்படுபவர்தானே அவர், செயப்பாட்டு வினையாக ‘டு பி பிளேம்டு’ என்றுதானே இருக்க வேண்டும் என்று திருத்துவார்கள். தர்க்கம் சரிதான், வழக்கம் வேறு. ‘இஸ் டு பிளேம்’ அப்படியே உறைந்துபோன தொடர். ‘இஸ் டு பி பிளேம்டு’ என்று எழுதினால் அவரைக் குறை சொல்லியாக வேண்டும் என்று கட்டளை போடுவது போலவும் படிக்க இடமிருக்கிறது.

சம்பவத்தைச் சேர்க்க வேண்டுமானால் பின்னால் ஃபார்: ‘தி ஓல்டு வயரிங் வாஸ் டு பிளேம் ஃபார் தி ஃபயர்.’ எழுவாய் எப்போதும் காரணமாக இருப்பவர் அல்லது காரணமாக இருப்பது. ‘தி ஃபயர் இஸ் டு பிளேம் ஆன் தி வயரிங்’ என்று ஒருமுறை பார்த்தேன். அதில் தீயே குற்றவாளியாகிவிட்டது.

5. ஃபால்ட்: யாருடையது என்பதை முன்னால் வையுங்கள்

ஃபால்ட் பெயர்ச்சொல். ‘யாருடைய’ என்பது அதற்கு முன்னால் வந்தால் மை, யுவர், ஹிஸ், ‘எங்கள்’ என்ற பொருள் தரும் அவர், தேர். ‘இட் இஸ் மை ஃபால்ட்.’ தனியாக, கடைசியில் வந்தால் மைன், யுவர்ஸ், அவர்ஸ். ‘தி ஃபால்ட் இஸ் மைன்.’ இரண்டையும் கலந்து ‘மைன் ஃபால்ட்’, ‘யுவர்ஸ் ஃபால்ட்’ என்று எழுதக் கூடாது.

பெயரோடு எழுதும்போது அபாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்குப் பக்கத்தில் மேலே போடும் சின்னக் கொக்கிக் குறி, எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். டிரைவர் என்பதற்குப் பின் அபாஸ்ட்ரஃபி, அதன் பின் எஸ் என்றால் ஒரு டிரைவரின் தவறு. எஸ் முதலில், அபாஸ்ட்ரஃபி பின்னால் என்றால் பல டிரைவர்களின் தவறு. உச்சரிப்பில் வித்தியாசமே இல்லை, எழுத்தில் பொறுப்பாளிகளின் எண்ணிக்கையே மாறுகிறது. மாட்டிக்கொள்ளாமல் இருக்க ‘தி ஃபால்ட் ஆஃப் போத் டிரைவர்ஸ்’ என்று விரித்து எழுதுவது பாதுகாப்பானது.

வாக்கியத் தொடக்கத்தில் வரும் ‘இட்ஸ்’ என்பதற்கும் அபாஸ்ட்ரஃபி உண்டு. அது ‘இட் இஸ்’ என்பதன் சுருக்கம். அபாஸ்ட்ரஃபி இல்லாத இட்ஸ் ‘அதனுடைய’ என்ற பொருள் தரும். முறையான கடிதத்தில் ‘இட் இஸ்’, ‘இட் வாஸ்’ என்று முழுதாக எழுதிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

ஃபால்டுக்கு ஒரு வசதி உண்டு. பிளேம் ஏற்காத தட்டை இது ஏற்கும். ‘இட் வாஸ் மை ஃபால்ட் தட் தி ரிப்போர்ட் வாஸ் லேட்.’ ஆகவே ‘என்று’ இல்லாமல் உங்களுக்கு வாக்கியமே வராது என்றால் பிளேமை விட்டு இந்தப் பக்கம் வாருங்கள். ‘இட் வாஸ் மை ஃபால்ட் ஃபார் நாட் செக்கிங்’ என்று ஃபாரும் ‘இங்’ வினையும் சேர்த்து எழுதுவதும் வழக்கில் உண்டு.

பொறுப்பு என்ற பொருளில் ஃபால்ட் பன்மையாகாது. மூன்று தவறு நடந்திருந்தாலும் ‘இட் இஸ் ஆல் மை ஃபால்ட்’ என்றுதான் எழுத வேண்டும். ‘மை ஃபால்ட்ஸ்’ என்றால் என் குணத்தில் உள்ள குறைகள். ‘எ ஃபால்ட் இன் தி வயரிங்’ என்றால் பழுது. மூன்றும் வேறு வேறு.

அப்புறம், மிஸ்டேக்குக்கும் ஃபால்டுக்கும் உள்ள வேறுபாடு. நமக்கு இரண்டும் ‘தப்பு’தான். ஆங்கிலத்தில் மிஸ்டேக் என்பது செய்த பிழை. ஃபால்ட் என்பது அதற்கான பொறுப்பு. அதனால் ‘ஐ மேடு எ மிஸ்டேக்’ சரி, ‘ஐ மேடு எ ஃபால்ட்’ இந்த இடத்தில் தவறு. ‘ஐ டிட் எ மிஸ்டேக்’ என்பதும் தவறு. ‘தப்பு செய்தேன்’ என்பதில் உள்ள ‘செய்’தான் டிட் ஆக வந்து நிற்கிறது. மிஸ்டேக்கோடு போவது மேக் என்ற வினை.

பிழை ஒருவருடையதாகவும் பொறுப்பு இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர் தவறான எண்ணைப் பதிந்தார், அவருக்குச் சொல்லித் தராதது நான். அப்போது ‘ஹி மேடு தி மிஸ்டேக், பட் இட் வாஸ் மை ஃபால்ட்’ என்று எழுதலாம். இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருந்தால் கீழே வேலை செய்பவர்களுக்கு நியாயம் செய்ய முடியும். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

6. அட் ஃபால்ட்: மூன்று இடத்தில் கவனம்

‘அவர் மேல் தப்பு’ என்பதை அப்படியே மாற்றி ‘மிஸ்டேக் இஸ் ஆன் ஹிம்’ என்று எழுதுகிறார்கள். அதற்கு நேரான ஆங்கிலத் தொடர் ‘ஹி இஸ் அட் ஃபால்ட்’.

முதலாவது, நடுவில் தி வராது, எ வராது. ‘அட் தி ஃபால்ட்’ கிடையாது. ‘இன் ஃபால்ட்’, ‘ஆன் ஃபால்ட்’ என்பதும் இன்றைய வழக்கில் இல்லை. இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் ‘இன் தி ராங்’ என்ற இன்னொரு தொடர். அதில் இன் உண்டு, தி உண்டு. இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யுங்கள். விதி தேடினால் கிடைக்காது.

இரண்டாவது, எழுவாய். ‘ஐ ஆம் அட் ஃபால்ட்’ என்பதில் நான் எழுவாய். ‘இட் இஸ் மை ஃபால்ட்’ என்பதில் இட். இரண்டையும் சேர்த்து ‘ஐ ஆம் மை ஃபால்ட்’, ‘இட் இஸ் மை அட் ஃபால்ட்’ என்று எழுதினால் இரண்டுமே கெட்டுவிடும். அட் வந்தால் ஆள் எழுவாய், மை வந்தால் இட் எழுவாய்.

மூன்றாவது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் நடுவில் சிறு கோடு வேண்டும். ‘தி அட்-ஃபால்ட் டிரைவர்’. வாக்கியக் கடைசியில் வரும்போது கோடு வேண்டாம். விபத்துக் காப்பீட்டுத் தாள்களில் இந்தச் சொல் அதிகம் வரும்.

சம்பவத்தைச் சேர்க்க இன் அல்லது ஃபார் எழுதலாம். ‘அட் ஃபால்ட் இன் தி கொலிஷன்’, ‘அட் ஃபால்ட் ஃபார் தி டிலே’. விசாரணை முடிந்து முடிவு வந்திருந்தால் ‘வாஸ் ஃபவுண்டு டு பி அட் ஃபால்ட்’ என்று எழுதுங்கள். அந்த ஃபவுண்டு, தீர்மானித்தது நீங்கள் இல்லை, விசாரணை என்று சொல்கிறது.

உருவத்தில் ஒட்டி வரும் இரண்டு தொடர்களைப் பழிக்காகப் பயன்படுத்தாதீர்கள். ‘ஃபைண்டு ஃபால்ட் வித்’ என்றால் எதிலும் குறை கண்டுகொண்டே இருப்பது. ‘டு எ ஃபால்ட்’ என்றால் அளவுக்கு மீறி. ‘ஹி இஸ் ஆனஸ்ட் டு எ ஃபால்ட்’ என்பது அவர் நேர்மையில் ஏதோ தவறு என்பதில்லை, அவ்வளவு நேர்மையானவர் என்பது.

தவறு இல்லாதவருக்காக எழுதும்போது ‘த்ரூ நோ ஃபால்ட் ஆஃப் ஹிஸ் ஓன்’ கை கொடுக்கும். அவர் பங்கில் தவறு எதுவும் இல்லாமலேயே இது அவருக்கு நேர்ந்தது என்று பொருள். கடைசியில் உள்ள ஓன் விடுபடக் கூடாது. ஆளுக்கு ஏற்ப ஹிஸ் என்பது ஹெர், தேர், மை என்று மாறும்.

7. பிளேம் பெயர்ச்சொல்லாக வரும்போது

இங்கே அது எண்ண முடியாத பெயர். ‘எ பிளேம்’, ‘பிளேம்ஸ்’ வேண்டாம். பொதுவாக முன்னால் தி வரும்.

அதோடு சேரும் வினைகள் குறைவுதான். பழியைப் போட புட், லே. ஏற்க டேக், அக்செப்ட். பகிர ஷேர். வேறொருவர் மேல் தள்ள ஷிஃப்ட். அநியாயமாக ஒருவர் தலையில் கட்டினார்கள் என்ற தொனி வேண்டுமானால் ‘பின்’ என்ற ஆங்கில வினை. ‘கேவ் பிளேம்’, ‘டோல்டு பிளேம்’ கிடையாது. புட், லே, ‘பின்’ மூன்றிலும் ‘புட் தி பிளேம் ஆன் ஹிம்’ என்பது போல பிளேமுக்கு அடுத்து ஆன் வரும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ‘தி பிளேம் ஃபார் தி லாஸ் லைஸ் வித் தி கான்ட்ராக்டர்.’ இங்கே வித். நஷ்டத்துக்கான பொறுப்பு ஒப்பந்ததாரருடையது என்று பொருள். லைஸ் ஆன் என்று எழுதுவது பழக்கத்தால் வரும் பிழை. லைஸுக்குப் பதிலாக, விழுகிறது என்ற பொருளில் ஃபால்ஸ் என்று எழுதினால் மட்டும் ஆன்.

8. அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள்

இலக்கணம் சரியான பிறகுதான் இதற்கு வர வேண்டும். பிழையான வாக்கியத்தின் தொனியைச் சரிசெய்வது வீண் உழைப்பு.

முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘உறுதியில்லை’ என்று எழுதியிருந்தால் ‘இஸ் அட் ஃபால்ட்’ என்பதை ‘அப்பியர்ஸ் டு பி அட் ஃபால்ட்’ என்று மாற்றுங்கள். பங்கு மட்டும் அவருடையது என்றால் ‘பார்ட்லி டு பிளேம்’. வேறு ஒருவர் சொன்னது என்றால் சொன்னவரையே எழுவாயாக்குங்கள்: ‘தி சப்ளையர் பிளேம்ஸ் தி டிரான்ஸ்போர்ட் கம்பெனி.’ இப்படி எழுதினால் பழி சொல்வது நீங்கள் அல்ல என்பது படிப்பவருக்குத் தெரியும்.

உங்கள் தவறை எழுதும்போது எதிர்த்திசையில் போங்கள். ‘மிஸ்டேக்ஸ் வேர் மேடு’ என்று ஆளில்லாமல் எழுதினால் ஒளிந்துகொள்வதாகவே படும். ‘ஐ மேடு எ மிஸ்டேக்’ என்று ஐ வைத்து எழுதுங்கள். படிப்பவர் அடுத்த வரிக்கு, அதாவது நீங்கள் அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதற்கு, சீக்கிரம் போய்விடுவார்.

‘ஐ டோன்ட் பிளேம் யூ’ என்பதற்கும் ‘ஐ ஆம் நாட் பிளேமிங் யூ’ என்பதற்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் வரும். முதலாவது, ‘உங்களைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்’ என்ற ஆறுதல். இரண்டாவது, ‘நான் இப்போது உங்களைக் குற்றம் சொல்லவில்லை’ என்ற விளக்கம் மட்டுமே. வருத்தத்தில் இருப்பவருக்கு இரண்டாவதை அனுப்பினால், அப்படி ஒரு பேச்சு எழுந்திருக்கிறது போல என்று அவர் பயந்துவிடலாம்.

9. ஒரு மின்னஞ்சலைத் திருத்திப் பார்ப்போம்

பயிற்சிக்காக நான் கொடுக்கும் மாதிரி இது. பார்சல் இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார். மேலாளர் விளக்கம் கேட்கிறார். முதல் வரைவு:

‘கஸ்டமர் இஸ் பிளேமிங் ஆன் அஸ் தட் பார்சல் கேம் லேட். டெலிவரி டீம் இஸ் இன் ஃபால்ட். சம் மிஸ்டேக்ஸ் வேர் டன் ஃப்ரம் அவர் சைடு ஆல்சோ.’

வரிசைப்படி போவோம். என்ன நடந்தது: பார்சல் தாமதம். யார் காரணம்: டெலிவரி குழு என்கிறார் எழுதியவர். உறுதியா? இந்த இடத்தில் நிறுத்தி, பதிவைத் திறந்து பார்க்கச் சொல்வேன். பார்த்தால் முகவரியில் கதவு எண் தவறு. அதைப் பதிந்தவர் எழுதியவரே. டெலிவரி குழு கிடைத்த முகவரிக்குத்தான் போயிருக்கிறது.

முதல் வாக்கியத்தில் பிளேமிங் என்பதற்கு அடுத்து ஆன். விரல் வைத்துப் பார்த்தால் ஒரு சொல் விட்டுப் போயிருக்கிறது, கூடவே தட் இருக்கிறது. அஸ் ஆள் என்பதால் ஃபார் வேண்டும்: ‘தி கஸ்டமர் பிளேம்ஸ் அஸ் ஃபார் தி லேட் டெலிவரி.’

இரண்டாவதில் இன் என்பதை அட் ஆக்கினால் இலக்கணம் சரியாகும், செய்தி பொய்யாகவே இருக்கும். இப்போது உண்மை தெரிந்துவிட்டதால்: ‘தி டெலிவரி டீம் வாஸ் நாட் அட் ஃபால்ட்.’

மூன்றாவதில் டன் தவறு. ‘ஃப்ரம் அவர் சைடு’ நம்மவர்களுக்குள் புரியும், ஆனால் யார் என்று சொல்லாது. சம் என்பது எத்தனை தவறு என்றும் சொல்லவில்லை. நடந்தது ஒன்று, செய்தவர் ஒருவர்: ‘ஐ என்டர்டு தி ராங் டோர் நம்பர், சோ தி டிலே வாஸ் மை ஃபால்ட்.’

இதற்குப் பிறகு ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: ‘ஐ ஹாவ் கரெக்டட் தி அட்ரஸ் அண்டு கால்டு தி கஸ்டமர்.’ முகவரியைத் திருத்திவிட்டு, வாடிக்கையாளரை அழைத்துப் பேசிய பிறகே அந்த வரியை எழுத வேண்டும்.